நாற்பது நாள் வலி

திங்கட்கிழமை காலை என்றால் நிலாக் குடியிருப்பின் வலிமாற்றகத்தில் கூட்டம் நெரியும். பிரசவ வலியைப் புருஷனுக்கு ஏற்ற வந்தவள் ஒருத்தி. நசுங்கிய விரலின் வலியைக் கதவைச் சாத்தியவனுக்கு ஏற்ற வந்தவன் ஒருவன். வலியை அனுப்பவும் வாங்கவும் எல்லோர் பிடரியிலும் பயறு அளவில் ஒரு நரம்புமணி உண்டு. காயம் எவனால் வந்ததோ அவனே நாற்பது நாள் அதன் வலியைச் சுமக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதியவர்களில் ஒருவனும் மூட்டை தூக்கியவன் இல்லை.

சேர்மக்கனி தூக்கியவன். சரக்குத் துறையில் இருபது வருடம். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான். அதனால் ஆளுக்கு ஐந்து மூட்டை என்பது மேஸ்திரி பாக்கியநாதன் வைத்த முறை. எடை குறையும், சரி. உந்தம் குறையுமா? வேகமாக வந்து சட்டென்று திரும்பினால், பூமியில் எப்படி இழுக்குமோ அப்படியே ஐந்து மூட்டையும் இடுப்பைத் திருகும். தூக்கும் எந்திரம் சும்மா நின்ற ஒரு நாள், "என்னவே, பஞ்சு மூட்டைக்குப் போயி முனகுதீரு?" என்று பாக்கியநாதன் விரட்டினான். சேர்மக்கனி திரும்பினான். இடுப்பில் 'சடக்' என்றது. புட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை நெருப்புக் கம்பி இழுத்த மாதிரி வலி.

டாக்டர் மெஹருன்னிசா படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவுல ஜவ்வு இருக்கு. அதோட தோல் கிழிஞ்சு, உள்ளே இருக்கிற கூழ் பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை நெரிக்குது. பயப்படாதீங்க, பெரும்பாலும் தானாவே சரியாயிடும். சில வாரம் பாரம் தூக்கக் கூடாது, குனிஞ்சு திரும்பக் கூடாது. படுத்தே கிடக்காம கொஞ்சம் கொஞ்சமா நடங்க. கால் மரத்தாலோ, பாதத்தைத் தூக்க வராட்டியோ, ஒண்ணுக்குப் போறதுல சிக்கல்னாலோ உடனே ஓடி வாங்க."

"அதெல்லாம் கிடக்கட்டும் தாயி. இந்த வலிய அந்த மேஸ்திரிப் பயலுக்கு ஏத்த முடியுமா, முடியாதா?"

"முடியும். ஆனா வலி மட்டும்தான் அங்கே போகும். ஜவ்வு உங்ககிட்டதான் இருக்கும்."

'முடியும்' என்றதற்கு மேல் அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

வலி ஏறிய அன்று நாற்காலியைவிட்டு எழ முடியாமல் பாக்கியநாதன் அலறினான். சேர்மக்கனி மேஸ்திரி அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று ஆசை தீரப் பார்த்தான். "எப்பிடி இருக்குவே பஞ்சு மூட்டை?"

பார்த்தது போதவில்லை. ஐந்தல்ல, ஆறு மூட்டையைத் தோளில் ஏற்றினான். மேஸ்திரியின் கண்முன்னே வேண்டுமென்றே இடுப்பை வெடுக்கென்று திருப்பினான். இவனுக்கு ஒன்றுமில்லை. உள்ளே இருந்தவன் துள்ளி விழுந்தான். இடப்பக்கம் திருப்பினால் ஒரு கூப்பாடு, வலப்பக்கம் திருப்பினால் இன்னொன்று. தினமும் இதே வேலை.

பத்தாம் நாள் பாக்கியநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து கும்பிட்டான். "அண்ணாச்சி, எந்திரத்தை நீரே வச்சுக்கிடும். ஒரு மூட்டை தூக்க வேண்டாம். உம்ம கால்ல விழுதேன்."

"எந்திரம் தூக்குனா ஒனக்கு எப்பிடிலே வலிக்கும்? இன்னும் முப்பது நாள் கிடக்கு. போ, போயி உக்காரு."

இருபத்தாறாம் நாள் சேர்மக்கனி இடுப்பைத் திருப்பினான். சத்தமில்லை. குனிந்து திருப்பினான். பாக்கியநாதன் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

சேர்மக்கனிக்கு ஆத்திரம் பற்றி எரிந்தது. காலை இழுத்துக்கொண்டு வலிமாற்றகத்துக்குப் போனான். "அந்தக் களவாணி மணியைக் கழத்திட்டான்! இல்ல, நீங்க கூட்டுக் களவாணியா?"

மணியைச் சோதித்தார்கள். பழுதில்லை. அனுப்புவதற்குத்தான் வலி இல்லை. டாக்டரை வரவழைத்தார்கள். அவர் மணியைத் தொடக்கூட இல்லை, குனிந்து இவன் வலது காலைத் தூக்கினார். பாதம் துணி மாதிரித் தொங்கியது. செருப்பு எங்கேயோ கழன்று போயிருந்தது. அது இவனுக்குத் தெரியவே இல்லை.

"நரம்பு செத்துக்கிட்டிருக்கு. இப்பவே கத்தி வைக்கணும். பாதம் திரும்ப எழும்புமான்னு என்னால சொல்ல முடியாது."

தள்ளுகட்டிலில் கிடந்தபடி சேர்மக்கனி கேட்டான்: "பூமியில இந்த மணி கிடையாதே தாயி. அங்க இடுப்பு போனவன் என்ன செய்வான்?"

"மருந்துக்கடையில மாத்திரை வாங்கி முழுங்குவான். வலி அடங்கினதும் மறுபடி மூட்டையைத் தூக்குவான்."

சேர்மக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கூறுகெட்ட பயலுவ! அப்பிடித் தூக்குனா மேஸ்திரிக்கு வலிக்கவே செய்யாதே!"