பூச்சுக்குப் பின்னால்

நேற்றுப் பின்னேரம் அடைத்து, கரண்டியால் இழுத்து மட்டமாக்கிவிட்ட வெடிப்பிலிருந்து சீமெந்துப் பசை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. உதிரவில்லை. உள்ளேயிருந்து யாரோ விரலால் மெதுவாகத் தள்ளிவிட்டதுபோல நீளமாக, நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

பிரியதர்சினி அதைக் கிள்ளி எடுத்தாள். உட்பக்கம் இன்னும் ஈரம். உப்பு, வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓர்ஸ் ஹில்லில் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எந்தச் சுவர்தான் உப்புப் பூக்காமல் இருக்கிறது?

மாரி தொடங்க முன்னர் இந்தக் கடற்பக்கச் சுவருக்குப் பெயின்ற் அடித்தாக வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மகள் கீர்த்தனியின் அறை. ஐந்து வயதுப் பிள்ளை, போன மாரியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இழுப்பால் படாத பாடு படுகிறாள். இரவில் அவள் நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்துப் பழகிவிட்டது. சுவர் ஈரம் நிற்காவிட்டால் இழுப்பும் நிற்காது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னொரு மாரியைப் பிள்ளை தாங்க மாட்டாள் என்ற பயம் பிரியதர்சினிக்கு.

பெயின்ற் அடிக்கிற நிப்றாஸ் நாளைக் காலை கிண்ணியாவிலிருந்து வருகிறான். "பழசு ஒண்டும் ஒட்டிக்கொண்டு நிக்கப்படாது அக்கா. தட்டிப் பாருங்க. பொக்கெண்டு கேட்டா அந்த இடத்த உடைச்சுப் போடுங்க" என்று சொல்லி வைத்திருந்தான். அவள் கணவன் தர்மசீலன், "அது அரை நாள் வேலையப்பா" என்றுவிட்டு நிலாவெளி ஹோட்டலுக்கு வேலைக்குப் போய்விட்டான். மற்றவர் வேலையை அரை நாளில் முடிப்பதில் அவனை அடிக்க ஆளில்லை.

ஆகவே மத்தியானம் முழுக்க அவள் தனியே சுரண்டினாள். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே றோசா, அதற்கும் கீழே மாவாக உதிர்கிற பழைய சுண்ணாம்பு. கண்ணிமையிலும் பல்லிடுக்கிலும் தூசி. தூசி பிள்ளைக்கு ஆகாதென்று யன்னலை இறுக்கிச் சாத்தி, கீர்த்தனியை உள்ளே விளையாட விட்டிருந்தாள். சுரண்டியின் பிடியால் சுவரைத் தட்டுவாள். உள்ளேயிருந்து பிள்ளை திருப்பித் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் ஓம், ஒன்று என்றால் இல்லை. இன்றைக்குத்தான் கண்டுபிடித்த விளையாட்டு. அந்தச் சத்தம் கேட்கிற மட்டும் தாய்க்கு நிம்மதி.

"கீர்த்தனி, இழுக்குதாம்மா?"

டொக்.

இல்லை. நல்லது.

மூன்று மணிபோல, படலை திறந்து கிடந்ததால் ஒரு மான் உள்ளே வந்தது. ரவுண் தெருக்களில் திரிகிற மான்கள் குப்பைக்குள் மூக்கை விடுமே தவிர ஆளுக்கோ நாய்க்கோ பயந்து ஓடாது. அது நேரே சுவரைப் பார்த்தது. காது இரண்டும் முன்னுக்கு வந்தன. தோல் ஒரு தடவை நடுங்கியது. பிறகு திரும்பிப் பாய்ந்து, படலையில் இடித்துக்கொண்டு ஓடியது.

காலையில் பொக்கென்று கேட்ட இடம் ஒரு கோப்பை அளவுதான். இப்போது, பொழுது சாய்கிற நேரம், தட்டினால் நிலத்திலிருந்து அவள் இடுப்பு வரை பொக்கு. ஒடுக்கமாக, மேலே கொஞ்சம் உருண்டையாக. ஒரு பிள்ளை நிற்கிற உயரம். அதற்கு வெளியே சுவர் கல்லுப்போல இருந்தது.

"பசிக்குதாம்மா?"

டொக் டொக்.

"கனநேரமாப் பசிக்குதா?"

டொக் டொக். டொக் டொக். டொக் டொக். நிற்கவில்லை.

"விளையாடாதை பிள்ளை!"

நின்றது. அவள் உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தாள். கடைசித் தட்டு கைக்குள் பட்டது. அறைக்குள் சுவரில் தட்டினால் செங்கல்லைத் தாண்டி இப்படி வராது. இது செங்கல்லுக்கும் பூச்சுக்கும் நடுவிலிருந்து வந்தது. அந்த இடைவெளிக்குள் ஒரு விரல்தான் போகும்.

"பிரியா!" வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுப் பரீதாவின் தலை தெரிந்தது. "மகள் எழும்பிட்டா, உங்களத் தேடுறா. வந்து தூக்குங்க."

"எந்த மகள்?" என்று கேட்டாள். முட்டாள்தனமான கேள்வி.

"இதென்ன கதை? நீங்க சுரண்டத் தொடங்கின கையோட வேலிப் பொட்டுக்குள்ளால பூந்து வந்துட்டா. தூசிக்கு ஏலாதெண்டு நான்தான் படுக்க வெச்சன்."

பிரியதர்சினி சுரண்டியைக் கீழே போட்டாள். அறைக்குள் ஓடிப் பார்த்தாள். சாத்திய யன்னல், மடிப்புக் கலையாத படுக்கை, ஆளில்லை. டொக் டொக். சத்தம் வெளியேதான். அவள் நின்ற இடத்தில்.

பிறகு எப்படி வேலியைக் கடந்தாள் என்று தெரியாது. கீர்த்தனியை வாரி எடுத்து இடுப்பில் வைத்ததும் தேங்காய் எண்ணெய் மணமும் நித்திரைச் சூடும் அவள் கழுத்தில் பட்டன. அழுகை வந்துவிட்டது. இதுதான் என்ரை பிள்ளை. இதுதான். அந்த நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியிருந்தது. உதட்டோரம் மங்கல் நீலம். இழுப்புக்கு அடிக்கிற பம்ப் அவள் வீட்டுக் குசினியில், அடுப்புக்கு மேல் தட்டில் இருந்தது.

"ஓட்டோ ஒண்டு பிடிச்சுத் தாங்கோ பரீதாக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள். பிள்ளை கழுத்தை விடவில்லை. அவளையும் தூக்கிக்கொண்டே குசினிக்குப் போய்ப் பம்ப்பை எடுத்து இரண்டு தரம் அடித்துவிட்டாள். வெளியே மைமல் இருட்டு இறங்கிவிட்டது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. படலைக்குப் போக அந்தச் சுவரோரம்தான் வழி.

பார்க்கக் கூடாது. நட.

பாதித் தூரம் வந்தபோது, பூச்சுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், நல்ல பழக்கம் தெரிந்த பிள்ளையின் குரல், மரியாதையாகச் சொன்னது:

"அம்மா, வாறன்."

அவள் மூச்சு இளகியது. விடைபெறுகிறது! ஊரில் யார்தான் போகும்போது 'போறன்' என்கிறார்கள்? வாசலில் நின்று எல்லாரும் சொல்வது 'வாறன்'தானே. போகட்டும், எங்கேயாவது போய்த் தொலையட்டும். நன்றிகூட வந்தது அவளுக்கு. விடைபெறுகிற பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொன்ன பதில், யோசிக்க முன்னர் வாயிலிருந்து விழுந்தது.

"ஓம் பிள்ளை. வா."

சொன்ன பிறகுதான் கேட்டது அவளுக்கு.

வா.

சுவர் சத்தம் போடவில்லை. காற்று நின்றது. இடுப்பில் பிள்ளை ஒரு கணம் பாரமில்லாமல் போனாள். பிறகு மறுபடி பாரம். முன்னையைவிடக் கொஞ்சம் கூட.

விசில் நின்றுவிட்டது.

பம்ப் வேலை செய்கிறது என்று நினைத்தாள். நினைக்க விரும்பினாள். காதை அந்த நெஞ்சில் வைத்தாள். இழுப்பு இல்லை. மூச்சும் இல்லை. எண்ணெய் மணம் இல்லை. ஈரச் சுண்ணாம்பு மணம்.

இழுப்பு வேறெங்கோ கேட்டது.

சுவருக்குள்.

"கீர்த்தனி!"

டொக் டொக். பலமில்லாமல்.

ஒரு கையால் சுரண்டியை எடுத்துக் குத்தினாள். வழுக்கியது. தட்டிப் பார்த்தாள். கல். மேலே, கீழே, எல்லா இடமும் கல். பொக்கு ஒரு இடத்திலும் இல்லை. வெடிப்புகள் மூடிக்கொண்டு, பெயின்ற் அடிக்க ஆயத்தமாகச் சுவர் மழமழவென்று நின்றது. நகத்தால் பிறாண்டினாள். நகம் போனது. உள்ளே விசில். ஒன்று. நீளமான இடைவெளி. இன்னொன்று.

படலையில் ஓட்டோ வந்து நின்றது. "ஏறுங்க பிரியா, சுணங்காதிங்க! புள்ளைக்கு எப்பிடி?" என்று பரீதா கத்தினாள்.

இடுப்பில் இருந்தது கழுத்தைச் சுற்றிய கையை இன்னும் இறுக்கியது. குளிர்ந்த சின்ன வாய் அவள் காதோடு ஒட்டியது.

"அம்மா, வந்திட்டன்."