நல்ல கொழுப்பில் தொண்ணூற்றிரண்டு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குவிமாடத்தில் குழந்தைகளின் ரத்தம் காலை ஏழு மணிக்குப் பேசும். பிறந்த அன்றே தோளில் பதிக்கப்படும் அரிசி அளவு 'குருதிமணி', அந்தக் குழந்தையின் குரலிலேயே அன்றைய சேதியைச் சொல்லும். வீட்டில் யாரும் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் இரண்டு குழந்தைகள் படுத்திருக்கும்போதுதான் வம்பு.

"ஃபெபி, இணக்க எண் தொண்ணூற்றொன்று," என்றது முதல் கட்டில்.

"நிலவன், இணக்க எண் ஐம்பத்து நான்கு," என்றது இரண்டாவது.

நிலவனின் அம்மா மங்கையர்க்கரசிக்கு வயிறு எரிந்தது. நான்கு வயது மகன் ஐந்து நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறான், கண் சிவந்து உதடு வெடித்திருக்கிறது, அந்தக் கவலை ஒரு பக்கம். ஆனால் அதே நோய், அதே வயது, ஃபெபிக்கு மட்டும் எப்படித் தொண்ணூற்றொன்று? ஃபெபியின் அம்மா ஜெசிந்தா ஒன்றும் தெரியாதவள் போலப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மடிப்பில்கூட ஒரு திமிர் இருப்பதாக அரசிக்குப் பட்டது.

இருவருக்கும் வந்திருப்பது ரத்தக்குழாய் அழற்சி. விட்டால் இதயக் குழாய்வரை வீங்கிவிடும். எதிர்ப்புரத மருந்து ஒன்று உண்டு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது கேட்கும், சிலருக்குக் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்பதை ரத்தத்தின் கொழுப்பு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நல்ல கொழுப்பு குறைவாக இருந்தால் மருந்துக்கு இணங்காமல் போக வாய்ப்பு அதிகம். இணங்கும் வாய்ப்பை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வதுதான் இணக்க எண்.

'ஏழு' என்று எல்லோரும் கூப்பிடும் செவிலி இயந்திரம் பொறுமையாகத்தான் விளக்கியது. "நிலவனின் எண் குறைவு. ஆகவே முதல் நாளே இரண்டாம் மருந்தையும் சேர்த்துக் கொடுப்போம். பதினோரு மணிக்கு மறுபடி அளந்து உறுதி செய்வோம்."

அரசியின் காதில் 'குறைவு' என்பதற்கு மேல் எதுவும் ஏறவில்லை.

பத்து மணிக்குச் சுரங்கச் சீருடையோடு கணவன் குமரகுரு சாப்பாடு கொண்டுவந்தான். அவள் அவனை மூலைக்கு இழுத்துப் போனாள்.

"உங்க பட்டை ஒண்ணு குடுங்க."

"எந்தப் பட்டை?"

"வருஷா வருஷம் உடல்தகுதி சோதனைக்கு முந்தி முதுகுல ஒட்டிக்கிட்டுப் போவீங்களே, அது."

குமரகுரு சுற்றும் முற்றும் பார்த்தான். போலி நல்ல கொழுப்பைத் தோல் வழியே ரத்தத்தில் கசியவிடும் ஒட்டுப்பட்டை அது. சுரங்கத்தில் பாதிப்பேர் வேலையில் நிலைப்பதே அதன் புண்ணியத்தில்தான்.

"அடியே, பிள்ளைக்கா? மார்க் வாங்குற விஷயமா இது?"

"அங்க தொண்ணூத்தி ஒண்ணுங்க! நம்ம பையனை என்னமோ மக்கு மாதிரி பாக்குறா."

அவன் தயங்கினான். பிறகு அவனும் ஒருமுறை முதல் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். பட்டை கைமாறியது.

பதினோரு மணிக்கு நிலவனின் குருதிமணி தொண்ணூற்றிரண்டு என்றது. அரசிக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே ஜெசிந்தாவிடம் போய், "நம்ம பையனுக்குத் தொண்ணூத்தி ரெண்டாம்," என்றாள். ஜெசிந்தாவின் முகம் ஏனோ மலர்ந்தது. ஏழு முதல் மருந்தை மட்டும் ஏற்றி, இரண்டாம் மருந்தை ரத்து செய்துவிட்டுப் போனது.

இரண்டு நாளில் ஃபெபி எழுந்து உட்கார்ந்து பொம்மை கேட்டாள். நிலவனுக்குக் காய்ச்சல் இறங்கவேயில்லை. கூப்பிட்டால் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. ஏழு தன் வாழ்நாளில் முதல்முறையாகக் குழம்பி நின்றது.

"தொண்ணூற்றிரண்டுள்ள ரத்தம் இப்படி நடந்துகொள்ளாது. இவன் உடம்பில் எனக்குத் தெரியாத ஏதாவது உண்டா, அம்மா?"

ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் சொல்வதா என்று, அந்த நேரத்திலும், அரசிக்கு நாக்கு எழவில்லை. மகனின் விரல் அவள் கையில் நெருப்பாய்ச் சுட்டது. சட்டென்று அவனைப் புரட்டி முதுகிலிருந்த பட்டையைப் பிய்த்தெடுத்தாள்.

"நான்தான் ஒட்டினேன். மார்க் கம்மியா இருந்துச்சு, அதான்."

"மார்க் என்றால்?" என்று கேட்டது ஏழு. அவள் தேம்பினாள்.

இரண்டாம் மருந்து அப்போதே ஏறியது. மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இதயக் குழாய் ஒன்று மட்டும் லேசாக வீங்கியிருந்தது. இனி ஒரு வருடம் மாதாமாதம் அதைப் பார்க்க வேண்டும், ஓடி விளையாடவும் கூடாது. முதல் நாளே இரண்டாம் மருந்து போயிருந்தால் இது வந்திருக்காமலே போயிருக்கலாம் என்று ஏழு உள்ளதை உள்ளபடி சொன்னது.

ஜெசிந்தா அருகில் வந்து உட்கார்ந்தாள். "அழாதீங்கக்கா. நான் ஒண்ணு சொல்லட்டுமா? உங்க பையனுக்கு ரெண்டு மருந்து, எங்க பாப்பாவுக்கு ஒண்ணுதானான்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல். உங்களுக்கும் ஒண்ணாக்கினப்புறம்தான் நிம்மதியா சோறு எறங்குச்சு."

அரசி அழுகையோடு சிரித்துவிட்டாள்.

நடந்ததைக் கேள்விப்பட்ட மருத்துவமனை அன்றே எண்களை ஊமையாக்கியது. இனி ரத்தம் ஏழிடம் மட்டும் பேசும். எண் இல்லாத ஏக்கம் தெரியாமலிருக்கக் கட்டில்தோறும் ஒரு பூப்படம் ஒட்டினார்கள். ஃபெபிக்குச் சாமந்தி, நிலவனுக்கும் சாமந்தி. பிற்பகலில் மூன்றாவது கட்டிலுக்கு ஒரு குழந்தை வந்தது. அதற்குத் தாமரை.

அரசியும் ஜெசிந்தாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏழு, இங்க வாயேன்," என்றாள் அரசி. "எத்தனைக்கு மேல இருந்தா தாமரை?"

"எத்தனையும் இல்லை அம்மா. கையில் அகப்பட்ட படத்தை ஒட்டினேன்."

ஏழு நகர்ந்து போனது.

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள் ஜெசிந்தா.

"ஸ்கூல்ல செக்‌ஷன் பிரிச்சப்பவும் இதையேதான் சொன்னாங்க," என்றாள் அரசி, தாமரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.