ஐந்து வருஷப் பளபளப்பு

டமார்!

தாராவியின் அந்தக் குறுகிய சந்து ஒரு கணம் குலுங்கி நின்றது. தகரக் கூரைகளின் மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் கூட்டமாகக் கலைந்தன. குழாயடியில் ஒரு குடம் உருண்டது. "அரே, பம் ஃபுட்டா!" என்று யாரோ அலறினார்கள்.

குண்டெல்லாம் ஒன்றுமில்லை. இசக்கிப்பாண்டியின் கார் தும்மியது. அவ்வளவுதான்!

அவன் இறங்குவதற்குள், எதிரே இருந்த முலாம் பட்டறைக்குள்ளிருந்து ஒரு பெண் புயலாக வெளியே வந்தாள். அமிலப் புகைக்காக மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துணியால் கட்டியிருந்தாள். தெரிந்தவை இரண்டு கண்கள் மட்டுமே... மழைக்கு முன்னால் வானம் கறுக்குமே, அந்தக் கறுப்பு! நடுவில் மின்னல் வேறு. இடியைத்தான் இவன் ஏற்கெனவே போட்டாகிவிட்டதே!

"கண்ணு தெரியுதா ஒங்களுக்கு?"

'ஒன் கண்ணத் தவிர வேற ஒண்ணும் தெரியல' என்று நினைத்துக்கொண்டான் பாண்டி. வாய் மட்டும் வேறு சொன்னது. "என்ன ஆச்சி இப்பம்?"

"காலையிலேருந்து தேச்ச தட்டு. நீங்க போட்ட வெடியில கை நழுவி, அன்னா சகதியில கெடக்கு பாருங்க!"

"வெடி நான் போடல. வண்டி போட்டுது."

"அப்பம் வண்டிய எறங்கி வந்து தேச்சித் தரச் சொல்லுங்க!"

பாண்டி சிரித்துவிட்டான். சிரித்தது தப்பு. அந்தக் கண்கள் இன்னும் கறுத்தன. நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஐந்து பெரிய வட்டத் தட்டுகளைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவன் பட்டறைக்குள் ஓடினான்.

"இங்க நயினார் அண்ணாச்சிங்கிறது..."

"எங்கப்பாதான். அன்னா தொட்டி பக்கத்துல ஒக்காந்திருக்காங்க." முகத்துணியை அவிழ்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "எங்கப்பா ஒங்களுக்கு அண்ணாச்சின்னா, நான் ஒங்கள சித்தப்பான்னு கூப்பிடணுமோ?"

வாசலில் கம்பியில் மாதிரித் தட்டுகள் தொங்கின. அவற்றில் ஒன்றில்தான் அவள் முகத்தை முழுசாக முதலில் பார்த்தான். நனைந்த நெற்றி, சிரிப்பை அடக்கத் தெரியாத உதடு... ஆண்டவனே! இந்த ஜன்மத்தில் இனி அந்தக் கிழவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை!

அவள் பெயர் பேராச்சி.

கார் அவனுடையது இல்லை. தாதர் பார்ஸி காலனியில் இருக்கும் மாணெக்பாய் என்ற அம்மாளுடையது. புருஷன் ஓட்டிய கார் என்று முப்பது வருஷமாகக் காத்து வைத்திருக்கிறாள். மகனுக்கோ அதைப் பழைய இரும்பு எடுக்கும் பங்கார்வாலாவிடம் தள்ளிவிட்டால் போதும். அந்த ஓட்டைத் தகரத்தை ஒவ்வொரு ஆணியாகக் கழற்றி உயிர் கொடுத்தவன் பாண்டி. மூன்று வருஷ உழைப்பு! கடைசியில் தாயும் மகனும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். தசரா முடிந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் ஊர்வலம். அதில் ஜனங்கள் இந்த வண்டியை நின்று பார்த்தால் அது வீட்டில் இருக்கும். பார்க்காவிட்டால் திங்கட்கிழமை பங்கார்.

"அதனால சக்கரம் ஜொலிக்கணும். எல்லாம் சக்கரத்த மூடுத தட்டு. நாலு சக்கரத்துக்கு நாலு, ஸ்டெப்னிக்கு ஒண்ணு. அஞ்சுக்கும் குரோம் போட்டுத் தாங்க" என்றான்.

பேராச்சி ஒரு தட்டைச் சுண்டிப் பார்த்தாள். "இது அலுமினியம்லா? குரோம் இரும்புக்குத்தான் நல்ல மாப்பிள்ள. அலுமினியத்துக்கு அந்தச் சம்பந்தம் லேசுல ஒட்டாது. வாங்க இங்கன."

அவனை வாசலுக்கு இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள்.

"இது குரோம். நீலமா, கண்ணக் குத்துது பாத்தீங்களா? இது வெறும் பாலிஷ். இதுக்கு எதுவும் ஈடு வராது. ஆனா மாகிம் கடக் காத்துப் பட்டா ஒரே வாரத்துல மங்கிரும். வாராவாரம் தேய்க்கணும். இது அனோடைஸ். மேல பூசுறதில்ல, தட்டுலேருந்தே தோலு மாதிரி வளருறது. நிலா வெளிச்சம் கணக்கா இருக்கும். உரியாது, மங்காது. ஒரு தடவ போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்கு நீங்க இந்தப் பக்கமே வரவேண்டாம்!"

இந்தப் பக்கமே வரவேண்டாம்... ஏனோ அந்த ஒரு வார்த்தை அவனைச் சுருக்கென்று குத்தியது. இப்போதுதானே வந்திருக்கிறான்!

"எனக்கு குரோம்தான் வேணும்."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல அவனால் முடியாது. ஒரு தட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் இருந்தது. அவனே வெல்டு வைத்து, அரத்தால் ராவி ராவி, விரலால் தடவினாலும் தெரியாதபடி ஆக்கியிருந்தான். அனோடைஸ் தொட்டியில் முக்கினால் வெல்டு வைத்த இடம் கறுப்புக் கோடாக எழும்பும் என்று ஒரு ஃபிட்டர் சொல்லியிருந்தான். குரோம் என்றால் எல்லாவற்றையும் மூடிவிடும். அரே, ஒட்டுப்போட்ட தட்டையா கொண்டுவந்தான் என்று இந்தக் கண்கள் ஒரு தரம் இளக்காரமாகப் பார்த்துவிட்டால்... சே, வேண்டவே வேண்டாம்!

"யோசிச்சிச் சொல்லுதேன்" என்று சாக்கைக் கட்டினான்.

யோசிக்க அவன் தினமும் வந்தான். ஒரு நாள் தீப்பெட்டி கேட்டு வந்தான். ஒரு நாள் மழைக்கு ஒதுங்க வந்தான், அன்று மழையே இல்லை!

"சித்தப்பா வாங்க! யோசன முடிஞ்சிதா?"

"அப்படிக் கூப்பிடாதீங்க."

"வேற எப்படிக் கூப்பிட?"

அவள் சிரித்துக்கொண்டே மெருகேற்றும் பஃபிங் சக்கரத்தில் தட்டைக் கொடுப்பாள். சக்கரம் 'உய்ங்' என்று பாடும். பாண்டியின் நெஞ்சு அதைவிட வேகமாகச் சுற்றும்...

ஆனால் ஒரு நாள் பேச்சு முற்றிவிட்டது.

"காலி பீலி டைம் வேஸ்ட். குரோம் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"உரிஞ்சி போகும்னு தெரிஞ்சே போட மாட்டேன். எங்கப்பா பேரு கெட்டுப் போகும். அனோடைஸ் வேண்டாம்கிறதுக்கு ஒரு காரணம் சொல்லுங்க, கேக்கேன்."

"காரணம் சொன்னாத்தான் சோலி நடக்குமோ?"

"ஆமா!"

"அப்பம் எனக்கு வேற பட்டறை தெரியும்."

"வழியும் தெரியும்லா? போங்க!"

போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. சந்து முனையில் கார் ஒரு தடவை தும்மியது. அவளுக்குக் கேட்டிருக்குமா என்று நினைத்துக்கொண்டே கியரை மாற்றினான்.

குர்லாவில் ஒரு முலாம் கொட்டகைக்காரன் மறுபேச்சுப் பேசாமல் ஐந்து தட்டுக்கும் குரோம் ஏற்றிக் கொடுத்தான். என்ன ஜொலிப்பு! ஊர்வலத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு மத்தியான வெயில்... அப்புறம் ஒரு மழை. அப்பளம் பொரிகிற மாதிரி குரோம் குமிழ் குமிழாக எழும்பியது. விரலை வைத்தான். தோல் தோலாக உரிந்து வந்தது.

பங்கார்வாலாவின் தராசு அவன் கண் முன்னால் ஆடியது.

கொட்டுகிற மழையில் தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு அவன் அந்தப் பட்டறை வாசலில் போய் நின்றான். மானம் சந்து முனையிலேயே நனைந்து ஊறிக் கரைந்து போயிருந்தது.

கேலி செய்யப்போகிறாள். செய்யட்டும்...

பேராச்சி கேலி செய்யவில்லை. உரிந்த தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவன் மேல் எறிந்தாள். "தலையத் தொவட்டுங்க மொதல்ல."

மிச்சம் இருந்த குரோமை எடுக்கத் தட்டுகளை அமிலத்தில் முக்கி எடுத்தாள். நாலாவது தட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். அமிலம் பட்ட அலுமினியத்தில் ஒரு கோடு... சாண் நீளத்துக்குப் புகை மாதிரி ஒரு கோடு.

"இதுக்குத்தானா?"

பாண்டி தலையைக் குனிந்தான். "வெல்டு. நான்தான் வச்சேன்."

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"ஒட்டுப்போட்ட ஆளுன்னு நெனச்சிருவீங்களோன்னு..."

"நான் என்ன நெனச்சா ஒங்களுக்கு என்ன?"

மழை தகரத்தில் அடித்துப் பெய்தது. அவள் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

"இம்புட்டு நைசா யாரும் ராவ முடியாது" என்றாள் மெதுவாக. "நானும் ஒண்ணும் சரியாச் சொல்லல. என் பேச்சக் கேட்டு அனோடைஸ்ல முக்கியிருந்தா, இந்தத் தட்டு ஊருக்கே காட்டிக் கொடுத்திருக்கும். குத்தம் ரெண்டு பேரு மேலயும்தான். விட்டுட்டுப் போங்க. என்ன போடுதேன், எப்படிப் போடுதேன்னு கேக்கக்கூடாது. ஞாயித்துக்கிழம காலையில வண்டியோட வாங்க."

ஞாயிற்றுக்கிழமை தட்டுகளைச் சக்கரத்தில் மாட்டியபோது பாண்டிக்குக் கண் கூசியது. நீலம் இல்லை, நிலாவும் இல்லை. வெள்ளித் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்த மாதிரி! கோடு எங்கே? தேடினாலும் இல்லை. என்ன ஏது என்று கேட்க நேரமும் இல்லை. செவ்வந்தி மாலையைக் காரின் மூக்கில் மாட்டிவிட்டு, "போங்க! போங்க!" என்று விரட்டினாள் பேராச்சி.

சாயங்காலம் அந்தச் சந்து மறுபடியும் குலுங்கியது. டமார்!

"மாமா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தான் பாண்டி. "வண்டி பொழச்சிட்டு மாமா! கடற்கர ரோட்டுல கூட்டம் நின்னுட்டு! சக்கரத்துல மூஞ்சி பாத்துப் பொம்பளைங்க பொட்டுச் சரி பண்ணுதாங்க! மாணெக்பாய் மகனே வாயத் தொறந்து, இத நாம வச்சிக்கிடலாம்மான்னுட்டான்!"

நயினார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "மாமாவா? மொத நாளு அண்ணாச்சின்னு கேட்டு வந்தவரு நீருதான?"

பாண்டி விழித்தான். உள்ளேயிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு.

"சரி, அது கெடக்கட்டும். கேளும் வே, அத்தனையும் வெறும் பாலிஷ். அடுத்த வாரமே மங்கப் போகுது. அந்த வெல்டு வச்ச தட்ட ஸ்டெப்னிக்குப் போட்டு ஒரு உறைய மாட்டிட்டு, மத்த நாலையும் அனோடைஸ்ல முக்குடின்னு சொன்னேன். அதான் மொற. நான் சொல்லி இவ கேக்கணும்லா?" அவர் எழுந்தார். இருமுவது போலச் சிரித்தார். "மூணு டீ சொல்லிட்டு வாரேன். பையத்தான் வருவேன்."

அவர் போய்விட்டார். பேராச்சி துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் அவள் முகம் சிவந்து தெரிந்தது. பக்கத்தில் அவன் முகமும் வந்தது.

"அப்பா சொன்னது நெசமா?"

"ம்..."

"நாலு தட்டுக்கு அனோடைஸ் போட்டிருக்கலாமா?"

"போட்டிருக்கலாம்..."

"அதப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வரவேண்டாம்னு நீங்கதான சொன்னீங்க?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அந்தக் கண்கள் சக்கரத்தை விட்டு நிமிர்ந்து, நேராக அவனைப் பார்த்தன. இன்று அவற்றில் மின்னல் இல்லை... மழை மட்டும்தான் இருந்தது.

"நீங்க வரலன்னா... அந்த அஞ்சு வருஷமும் நான் யாருகூடச் சண்ட போடுவேன்?"