பதினாலாம் நம்பர் கேபிள்

மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. பஸ்ஸிலிருந்து இறங்கி நூறடி ஓடுவதற்குள் அவள் தொப்பலாக நனைந்துவிட்டாள். ஆனால் நெஞ்சோடு அணைத்திருந்த பெட்டியில் மட்டும் ஒரு பொட்டு ஈரமில்லை. உள்ளே இருந்தவை புத்தம்புது ஃபைபர் கேபிள்கள். தலையைத் துவட்டிக்கொள்ளலாம்… கேபிளைத் துவட்ட முடியுமா?

அந்த டேட்டா சென்டரின் வாசலில் ஆளுயரக் கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. ஒரு சமயத்தில் ஒரே ஒரு ஆள்தான் உள்ளே நிற்கலாம். அவள் அடையாள அட்டையைக் காட்டி நுழைந்தாள். கதவு மூடும் கடைசி நொடியில் யாரோ ஒருவன் மழையோடு மழையாக உள்ளே பாய்ந்தான்.

பீப்… பீப்… சிவப்பு விளக்கு. இரண்டு கதவுகளும் இறுகப் பூட்டிக்கொண்டன.

"ஏங்க! ஒவ்வொருத்தராத்தான் வரணும்னு இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்காங்களே… கண்ணு தெரியாதா?"

"மழைங்க… கதவு திறந்திருந்துச்சு… கால் தானா ஓடி வந்துடுச்சு."

"கால் மட்டும் வந்திருந்தா பரவாயில்ல. ஆளும் சேர்ந்துல்ல வந்திருக்கீங்க!"

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் காவலாளியின் குரல் கேட்டது. "மேல இருந்து ஆள் வந்துதான் திறக்கணும். பத்து நிமிஷம் பொறுங்க."

பத்து நிமிஷமா! கையகல இடத்தில் இரண்டு பேர். அவள் பெட்டியை அவனிடம் நீட்டினாள். "தப்பு பண்ணவர்தான் சுமக்கணும். பிடிங்க."

அவன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான். ஏதோ தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல அத்தனை பதமாக… அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். இமை நுனியில் மழைத்துளி நின்றது. துடைக்கக் கை காலியில்லாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தான். அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"உள்ள என்ன, தங்கமா?"

"அதுக்கும் மேல. ஃபைபர். நான் கேபிள் போடுற டீம். இங்க என்னை எல்லாரும் 'லேபிள்'னுதான் கூப்பிடுவாங்க. பேர் எழுதி ஒட்டாம ஒரு கேபிளையும் விடமாட்டேன்."

"அப்போ என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்களேன்."

"ஒட்டிடலாம். 'அவசரக் குடுக்கை'ன்னு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். கண்ணாடியெல்லாம் மூச்சுப்பட்டுப் பனித்திருந்தது. கதவு திறந்தபோது பத்து நிமிஷம் அதற்குள்ளாகவா முடிந்தது என்று அவளுக்கே தோன்றியது. காவலாளி அவனைப் பார்த்துப் பதறினார்.

"சார்… நீங்களா! இன்னிக்குச் சேர வேண்டிய புது நெட்வொர்க் இன்ஜினியர்!"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டு வாரமும் இருவருக்கும் ஒரே வேலை. உபயோகத்தில் இல்லாத பழைய கேபிள்களை உருவி எடுக்க வேண்டும். அவள் நிற்பது கேபிள்களைச் சொருகியிருக்கும் பேனல் பக்கம். கேபிளின் மறுமுனையும் இயந்திரங்களும் நான்கு வரிசை தள்ளி, அவன் பக்கம். நடுவே விசிறிகளின் ஓயாத இரைச்சல். அவன் தயாரித்த பட்டியலைப் பார்த்து வாக்கி டாக்கியில் சொல்வான். அவள் தன் லேபிளைப் படித்து எடுப்பாள். "லேபிள் மேடம், அடுத்தது போகலாமா?" என்று அந்தக் குரல் காதுக்குள் கேட்கும்போதெல்லாம், அந்தக் குளிர் அறையிலும் அவளுக்குக் கன்னம் சுட்டது. ச்சே… வேலையைப் பார், என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை காலை பட்டியலின் ஐம்பத்தேழாவது வரிக்கு வந்தார்கள்.

"பதினாலாம் நம்பர். எடுத்துடலாம்."

"பதினாலுதானே?"

"பதினாலேதான்."

லேபிளைப் படித்தாள். பதினாலு. எடுத்தாள்.

அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஏதோ ஒரு மணி அலறியது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்கேன் படங்கள் டாக்டர்களுக்குப் போய்ச் சேரும் தடம் அறுந்துவிட்டது. அவள் உடனே கேபிளைத் திரும்பச் சொருகினாள். எல்லாம் பழையபடி ஓட நான்கு நிமிஷம் ஆனது.

அவன் ஓடி வந்தான். பின்னால் டேட்டா சென்டர் மேனேஜர். அவளோடு வேலை செய்யும் ஆறு பேரும் வேடிக்கை பார்த்து நின்றார்கள்.

"நான் சொன்னது பதினாலு! நீங்க எதை உருவுனீங்க?"

"பதினாலைத்தான்."

"பதினாலா இருந்தா லைன் எப்படிங்க போகும்? லேபிள் லேபிள்னு பேச்சு மட்டும்தானா? ஒழுங்கா ஒட்டத் தெரியாதா?"

அந்த லேபிள்களைப் போன வருஷம் ஒட்டியது அவள்தான். ஒவ்வொன்றையும் தன் கையால். கண்ணில் நீர் முட்டியது, விடவில்லை. அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வெளியே நடந்துவிட்டாள்.

அந்தக் கேபிள் டீமை வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் நடத்துவது அவளுடைய அக்கா. விஷயம் தெரிந்ததும் கொதித்துப்போனாள். "அந்த ஆளு மன்னிப்பு கேட்கிற வரைக்கும் நம்ம டீம் அங்க கால் வைக்காது!" என்றவள், கொஞ்ச நேரம் கழித்துத் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்கிட்ட மட்டும் சொல்லுடி. லேபிள் மாறியிருக்குமா?"

"இல்லக்கா…"

சொல்லிவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு நண்டு பிறாண்டியது. மாறியிருந்தால்? ஆறு பேருடைய வேலை… அக்காவின் பேர்… அதற்கும் மேலே அந்த ஆஸ்பத்திரி. சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சோறு இறங்கவில்லை. அவன் மீது வந்த கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அதை விட்டால் வேறு எதுவோ வந்துவிடும் என்று பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். கேபிள் உருளைகள் அடுக்கிய அக்காவின் பட்டறை வாசலில் அவன் வந்து நின்றான். மூன்று நாள் தாடி. கண்கள் சிவந்து கிடந்தன. கையில் ஒரு கத்தைக் காகிதம்.

அக்கா இடுப்பில் கைவைத்தாள். "என்ன சார், மிச்சம் மீதி திட்டு ஏதாவது இருக்கா?"

"அன்னிக்கு இவங்களை ஆறு பேர் முன்னால திட்டினேன். அந்த ஆறு பேரையும் கூப்பிடுறீங்களா, அக்கா?"

எல்லாரும் வந்து நின்றார்கள். அவன் அவளைப் பார்த்துத்தான் பேசினான்.

"தப்பு என்னோடது. பழைய ரெக்கார்டுல இருந்து பட்டியல் எடுக்கும்போது நடுவுல ஒரு வரியை விட்டுட்டேன். அதுக்குக் கீழ ஒவ்வொரு நம்பருக்கும் நேரா இருக்க வேண்டிய விவரம் ஒரு இடம் மேல ஏறிடுச்சு. சும்மா கிடந்தது பதினஞ்சு. நான் எடுக்கச் சொன்னது பதினாலு. இருநூத்திப் பன்னண்டு கேபிளையும் ரெண்டு முனையிலயும் மூணு நாளா சோதிச்சுப் பார்த்தேன். உங்க லேபிள்ல ஒண்ணு கூட… ஒண்ணே ஒண்ணு கூடத் தப்பில்ல. என்னை மன்னிச்சிடுங்க."

 அவள் பக்கத்திலிருந்த உருளைமீது அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக அடைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது… கூடவே, பிடித்து வைத்திருந்த கண்ணீரும்.

"மேனேஜருக்குத் தெரியுமா?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"வெளி டீம் மேல எழுதிட்டு விஷயத்தை முடிங்கன்னார். நான் என் பேரைப் போட்டுத்தான் அறிக்கை குடுத்தேன். ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டயும் நானே சொன்னேன். அங்க யாருக்கும் பாதிப்பு இல்லையாம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்… உங்க டீம் நாளைக்கே வரணும்னு சொல்லச் சொன்னாங்க."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, "எல்லாரும் உள்ள வாங்கப்பா, தலைக்கு மேல வேலை கிடக்கு!" என்று ஆறு பேரையும் தள்ளிக்கொண்டு போனாள்.

வாசலில் தூறல் ஆரம்பித்திருந்தது. அவன் போகாமல் நின்றான்.

"அறிக்கையில எழுத முடியாத விஷயம் ஒண்ணு இருக்குங்க…"

"வாயால சொல்ல முடியுமா?"

"தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சப்ப வேலை போயிடுமேன்னு பயமே வரல. நீங்க இனிமே என் முகத்துலயே முழிக்கமாட்டீங்களோன்னுதான்… எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."

 அவள் துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்தாள். வேண்டுமென்றே நிதானமாகத் துடைத்தாள். கொஞ்சம் தவிக்கட்டுமே!

"மூணு நாளா உங்க மேல கோவம்னுதான் அக்காகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

"கோவம் நியாயம்தாங்க…"

"முழுசா சொல்ல விடுறீங்களா? வாசல்ல ஒவ்வொரு வண்டி நிக்கும்போதும் எட்டிப் பார்த்தேன். கோவமா இருக்கிறவ எதுக்கு எட்டிப் பார்க்கணும்?"

அவனுக்குப் புரிய ஒரு நொடி பிடித்தது. பிறகு அந்தச் சிவந்த கண்களில் மெல்ல மெல்ல வெளிச்சம் ஏறியது. அதைப் பார்த்ததும் மிச்சமிருந்த வெட்கமும் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

"ஆமா," என்றாள், "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."