விசையின் கனம்

சுருள்வில் தராசின் முள் மறுபடியும் மாற்றிச் சொன்னது. தோட்டா உருளை காலியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்துவிட்டு, தராசின் கொக்கியை ரிவால்வரின் விசையில் மாட்டி மெக்கானிக் மெல்ல இழுத்தான். முதல் இழுப்புக்கு வழுக்கிக்கொண்டு வந்த விசை, அடுத்த இழுப்புக்குச் சேற்றில் இறங்கிய வண்டி மாதிரி முரண்டு பிடித்தது.

"நான் சொன்னேன்ல?" என்றார் மச்சான். மெக்கானிக்கின் செத்துப்போன மனைவிக்கு அண்ணன், பணம் ஏற்றிப்போகும் வேனுக்குக் காவல். "ஒரு நேரம் கூப்பிட்டதும் வருது. ஒரு நேரம் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா அசைய மாட்டேங்குது. எதிர்ல ஒருத்தன் வந்து நின்னா, இருப்பா, ட்ரிகர் முறுக்கிக்கிச்சுன்னு அவன்கிட்ட சொல்ல முடியுமா?"

"மாப்பிள்ளைய ஏன் இழுக்குறீங்க? டீ குடிச்சிட்டு வாங்க மச்சான், பாத்து வைக்கிறேன்."

"இருட்டுறதுக்குள்ள வேணும் மாப்ள. வேன் கிளம்பிரும்." மேசைக்கு எதிரே கிடந்த ஸ்டூலைப் பார்த்துவிட்டு அவர் குரலை இறக்கினார். "அவ உட்கார்ந்தது. இன்னும் எடுக்கலையா?"

"எடுக்கணும்."

மச்சான் குடையை விரித்துக்கொண்டு போனார். தகரக் கூரைமேல் மழை விடாமல் இரைந்தது. பட்டறைக்குள் மண்ணெண்ணெயும் நனைந்த சாக்கும் பழைய கிரீஸும் கலந்த வாடை கனத்துக் கிடக்க, மேசைவிளக்கின் வெளிச்சம் அவன் கையையும் ரிவால்வரையும் மட்டும் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் இருட்டுக்கு விட்டிருந்தது.

உருளைக்குப் பின்னால் கரி அடைத்திருந்தாலும் இப்படி இழுக்கும். பல்குச்சியால் சுரண்டி எடுத்தான். உருளையின் தண்டு வளைந்திருந்தாலும் இழுக்கும். சுழற்றிப் பார்த்தான், நேராகத்தான் இருந்தது. வில்லின் திருகைக் கழற்றி மறுபடி முறுக்கினான். கடைசியில் உருளையின் ஒரு தோட்டாக்குழிக்குச் சுண்ணாம்புக்கட்டியால் பொட்டு வைத்து, ஒவ்வொன்றாகச் சுற்றி இழுத்தான். பொட்டு வைத்த குழியில் கனத்தது. அடுத்த சுற்றில் அதே குழி லேசாக வந்தது, பக்கத்துக் குழி கனத்தது.

இரும்புக்கு மனசு கிடையாது. பழுது இருந்தால் இருந்த இடத்தில் இருக்கும். இது இடம் மாறுகிறது.

அந்தக் கனத்தை அவனுக்குத் தெரியும்.

காலி உருளையில், விசையோடு எழுந்து விழும் சுத்தியல் படாரென்று அடித்தால் அதன் ஊசி உடையும். அதற்கென்று பொம்மைத் தோட்டா விற்கிறார்கள். இந்தப் பட்டறையில் அதை வாங்கியதே இல்லை. "என் விரல் என்ன கெட்டா போச்சு?" என்று மனைவி எதிரே அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். அவன் இழுப்பான். சுத்தியல் விழும் இடுக்கில் அவள் கட்டைவிரலைக் கொடுத்து அடியை வாங்கிக்கொண்டு, "ம்" என்பாள். ம் என்றால் அடுத்ததை இழுக்கலாம். சில நேரம் அவசரப்பட்டு, சுத்தியல் எழும்போதே அதன் தலையில் விரலை அழுத்திவிடுவாள். விசை கனக்கும். "கையை எடுடி, தராசு தப்பா காட்டுது!" என்று கத்துவான்.

கடைசியாக அவள் உட்கார்ந்து வேலை பார்த்ததும் இதே ரிவால்வருக்குத்தான். அன்றைக்கு இழுத்தபோது ம் வரவில்லை. தூங்கிட்டியா என்று திட்டிவிட்டு இன்னொரு தரமும் இழுத்தான். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான். சுத்தியலைத் தூக்கித்தான் உயிர் போன அவள் விரலை எடுக்க வேண்டியிருந்தது.

விளக்கு வட்டத்துக்கு வெளியே ஸ்டூலின் கால் தரையில் லேசாக உரசியது.

மழைதான் என்று நினைத்துக்கொண்டான். தராசைக் கழற்றி வைத்தான். விரலால் இழுத்தான்.

கனம். சுத்தியல் எழுந்தது, விழுந்தது. டக்கென்று கேட்கவில்லை. தப் என்றது. சதைமேல் விழுந்த சத்தம்.

"ம்."

பிணத்தைத் தூக்கிய அன்றைக்குக்கூட வராத அழுகை இப்போது மூக்கிலும் வாயிலும் ஒழுகியது. "ஏய்," என்றான். "ஏய், நீயாடி?"

இழுத்தான்.

"ம்."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் இழுக்காமல் இருந்தால் பட்டறை மறுபடி காலியாகிவிடும். இழுத்தான். தப். ம். இழுத்தான். தப். ம்.

ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கொஞ்சம் தாமதித்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. சுத்தியலின் அடியில் ஈரம் கசிந்து அவன் பெருவிரல்வரை வந்தது. எண்ணெய் என்று துணியால் துடைத்தான். எண்ணெய்க்கு அந்தச் சூடு கிடையாது.

வலிக்கிறது அவளுக்கு. தெரியும்.

இழுத்தான்.

கனம் குறைந்துகொண்டே வந்தது. தப் என்ற சத்தம் மெலிந்தது. எலும்பில் பட்டது. பிறகு அதுவும் இல்லை.

டக்.

சுற்றினான். டக். சுற்றினான். டக். தராசை மாட்டிப் பார்த்தான். எல்லாக் குழிக்கும் முள் ஒரே இடத்தில் நின்றது. பழுது தீர்ந்துவிட்டது.

"போயிட்டியா?"

மழை மட்டும்.

"ஒரு தடவ. ஒரே ஒரு தடவ."

கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். பாதியில் விசை தயங்கியது. பழைய கனம் இல்லை. கட்டைவிரலின் பலம் இல்லை. அதைவிட மெலிந்தது, நடுங்குவது. அவள் ஆள்காட்டி விரல்.

தப்.

"ம்."

வெளியே யாரோ குடையை உதறினார்கள். இரும்புக் கதவை மச்சான் தட்டினார். "மாப்ள, ஆச்சா? வேன்காரன் ஹாரன் அடிச்சு உயிரெடுக்கிறான்."

அவன் கதவைப் பார்த்தான். இருட்டிலிருந்து, துணி நனைந்து சொட்டுவது போல, ஸ்டூலுக்கு அடியில் சொட்டுச் சத்தம் கேட்டது.

"ஆகல மச்சான்," என்றான். "இன்னும் இருக்கு."

இழுத்தான்.