ஒன்று குறையும் வார்டு

பிஷ்கெக்கின் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு எர்கின் தன் மனைவி புருலாயைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது, சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிட்டிருந்தது. நகரத்தின் மேல் கரிப்புகை கவிந்து கிடந்தது. அவளுக்கு நுரையீரலில் சளி கட்டியிருந்தது. மலையூரான நாரினிலிருந்து பிழைக்க வந்து சந்தையில் வண்டி தள்ளுகிறவன் அவன். நகரத்தில் குடியிருப்புப் பதிவில்லாததால் இலவசம் எதுவும் கிடையாது, ஊசியிலிருந்து கையுறை வரை வெளியில்தான் வாங்க வேண்டும் என்று நர்ஸ் சைரா சொல்லிவிட்டாள்.

மூன்றாம் மாடி வார்டில் புருலாய்க்குப் பக்கத்து ஜன்னலோரக் கட்டில் மட்டும் விரிப்பில்லாமல் காலியாகக் கிடந்தது. மருந்து நெடியையும் மீறி அந்தப் பக்கமிருந்து ஈரக் கம்பளி நாற்றம் வந்தது.

எர்கின் ஊசி மருந்து வாங்கி மேலே ஏறி வந்தான். பையில் ஒரு புட்டி குறைந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திரும்பப் போய்ச் சண்டை போட்டான். மறுநாள் கடைக்காரன் கண்ணெதிரே எண்ணி, பையின் வாயை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அப்போதும் ஒன்று குறைந்தது.

சைராதான் திருடுகிறாள் என்று கத்தினான். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"நான் எடுக்கல தம்பி. இந்த வார்டுக்கு வர்ற எல்லாருக்கும் ஒண்ணு குறையும். சேர்த்தே வாங்கிட்டு வந்துடுங்க."

பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். போன குளிர்காலத்தில் ஜன்னலோரக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். மருந்து வாங்கப் போன புருஷன் திரும்பவே இல்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், மூச்சு நிற்கும் வரை.

எர்கினுக்குப் பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. போனை விற்றாயிற்று. கடன் கேட்டபோது சந்தை முதலாளி கையை விரித்துவிட்டார். உயிரோடிருப்பவளுக்கே வழியில்லாதபோது செத்தவளுக்கும் சேர்த்து அவன் எங்கே போவான்?

அடுத்த முறை அவன் படியேறும்போது விளக்கு எரியவில்லை. பின்னால் செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. அவன் நின்றால் அதுவும் நின்றது.

ஈரக் கம்பளி நாற்றம்.

பை கனத்தது.

பனிக்கட்டி போன்ற விரல்கள் அவன் விரல்களின் இடுக்கில் நுழைந்தன.

"தம்பி... எனக்கும் ஒண்ணு."

ஓடத்தான் தோன்றியது. ஓடினால் பை அவளிடம் போய்விடும். இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ரெண்டு பேருக்கு வாங்க என்னால முடியலக்கா," என்றான். "விட்டுடுங்க. அவளும் செத்துடுவா."

பிறகு அந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

அதற்குப் பிறகு மருந்து குறையவில்லை. புருலாய் தேறினாள்.

வீடு திரும்பிய அன்று, நகர விளிம்பிலிருந்த வாடகை அறையில் எர்கின் அடுப்பை மூட்டினான். குனிந்தபடி படுக்கை விரித்துக்கொண்டிருந்த புருலாய் மூன்றாவதாக ஒன்றையும் விரித்தாள். அது யாருக்கு என்று கேட்டான்.

"பக்கத்துக் கட்டில் அக்காவுக்குங்க. நீங்க மருந்துக்கு அலைஞ்சப்பல்லாம் அவங்கதான் என் கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. போக இடமில்லையாம். நம்மகூட வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

எர்கின் அந்தப் படுக்கையைச் சுருட்டக் குனிந்தான். ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை.

போர்வைக்குள்ளிருந்து, களைத்துப்போன ஒரு பெண் இருமினாள்.