ரோஸ்விதாவின் அடுப்படி

எங்கள் லக்சம்பர்க்கில் ஒற்றை அறைக்குக் கொடுக்கும் வாடகையில், மோசெல் ஆற்றைத் தாண்டி ஜெர்மனிப் பக்கம் மாடியில் ஒரு முழு வீடு கிடைத்தது. அப்போதே சந்தேகம் வந்தது. என் மனைவி டெஸியின் வயிற்றில் பிள்ளை இருந்ததால் அந்தச் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டேன்.

"அடுப்பு, அலமாரி எல்லாம் அப்படியே இருக்கு. வச்சுக்கோங்க," என்றார் வீட்டுக்காரர் எவால்ட். பேசி முடிக்கும்வரை அவர் வாசலைத் தாண்டவில்லை.

எங்கள் ஊரில் வாடகை வீட்டில் அடுப்படி இருப்பது சாதாரணம். அதனால் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்து இருவரும் ஒன்றாகத்தான் படியேறினோம். கதவைத் திறந்ததும் வெங்காயத்தாள் வதங்கும் வாசனை. அடுப்பில் ஒரு பானையில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"காலையில நீதானே கடைசியா கிளம்பினே?" என்றாள் டெஸி.

"நான் அடுப்புப் பக்கமே போகல. நீ வச்சிட்டு என்னைச் சோதிக்கிறியா?"

இருவருமே அதைத் தொடவில்லை.

கீழ்வீட்டு ஃபோல்கரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடுப்படியோட குடுத்தாரா? இங்க வீட்டைக் காலி பண்றவங்க அடுப்படியையும் கழட்டிட்டுப் போவாங்க, தம்பி. வெறும் குழாய்தான் மிஞ்சும்."

"முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போயிருப்பாங்க."

"ரோஸ்விதாவா?" அவர் குரல் தணிந்தது. "அவளைப் பொணமாத் தூக்கிட்டுத்தான் போனாங்க. அவ வீட்டைக் காலி பண்ணவே இல்லையே."



சனிக்கிழமை நானும் ஃபோல்கரும் எல்லாவற்றையும் கழற்றி முற்றத்தில் போட்டோம். சுவரில் குழாய்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. நானும் டெஸியும் நிம்மதியாக ரொட்டி வாங்கப் போய்த் திரும்பினோம்.

அதே வாசனை.

வெறும் தரையில், குழாய்களுக்குக் கீழே, அந்தப் பானை.

ஆவி பறந்துகொண்டிருந்தது.

"போயிடலாம்," என்று டெஸி கிசுகிசுத்தாள்.

"எங்க போறது?"

அவள் ஜன்னல் வழியே அக்கரையைப் பார்த்தாள். பல மாதம் வீடு தேடி அலைந்த கரை. பிறகு மூலையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி என் கையில் கொடுத்தாள். அவமானமும் பயமுமாக, முற்றத்தில் கிடந்ததைத் தூக்கி வந்து மறுபடி பூட்டினேன்.

காலையில் மேசை தயாராக இருந்தது. எங்கள் இருவருக்கும் தட்டுகள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம், அதற்கேற்ற சின்னக் கரண்டி.

மசித்த காரட். தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு.

பிள்ளை பிறக்க இன்னும் மாதங்கள் இருந்தன.